கடல் கடந்த கருவிகள் – 11: பழகிய கைக்கு ஒரு புதிய உடல்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வீதியில் அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என்று வடக்கே போனால் காரைதீவு வரும். விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவருடைய யாழ் நூல், பழந்தமிழர் மீட்டிய யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது. அவற்றில் இந்த இதழின் கதைக்கு வேண்டியது ஒன்றுதான்: பத்தர் எனும் வயிற்றுப் பகுதியை மூடியிருந்த போர்வைத் தோல். யாழின் நரம்பு அதிர்ந்தபோது அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்கி வெளியே விட்டது தோல்தான். பாணன் மடியில் வைத்திருந்தது பாதி நரம்புக் கருவி, பாதி முழவு.

யாழ் வழக்கொழிந்த பின் தமிழர் இசையில் தோலும் தந்தியும் பிரிந்துவிட்டன. வீணை முழுக்க மரமாயிற்று. தோல் மத்தளத்துக்கும் பறைக்கும் உடுக்குக்கும் போயிற்று. கிழக்குக் கரையில் பக்கீர் பாவாமார் நோன்பு இரவுகளில் அடித்துப் பாடும் தாயிராவில் தோல் மட்டும் உண்டு, தந்தி இல்லை. மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் பறங்கியரின் பழைய பாட்டிலோ இரண்டும் உண்டு, ஆனால் ஆளுக்கொன்று. 1894இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இந்நாட்டின் இசையைப் பற்றி எழுதிய சி. எம். பெர்னாண்டோ, அந்தப் பாட்டின் வகைகளான கப்ரிஞ்ஞாவுக்கும் சிக்கோத்திக்கும் துணைபோகும் கருவிகளைக் குறித்து வைத்தார்: வயலின் இனத்து வியோலே, மெண்டலின் இனத்துப் பண்டரிஞ்ஞா, பிறகு றபான். ஒருவர் தந்தியை மீட்ட, பக்கத்தில் இன்னொருவர் தோலைத் தட்டினார்.

பெர்னாண்டோ அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அத்திலாந்திக்குக்கு அப்பால் அந்த இருவரின் கருவியையும் ஒரே உடலில் பொருத்தும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மெண்டலின் தந்தியை றபான் தோலின் மேல் ஏற்றினால் எப்படியிருக்குமோ, அதுதான் அங்கே கருவி செய்பவர்கள் செய்துகொண்டிருந்தது.

சென்ற இதழில் பேன்ஜோவின் பிறப்பைப் பார்த்தோம். மேற்கு ஆபிரிக்காவின் செனகம்பியாப் பகுதியில் ஜோலா மக்கள் சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்து மீட்டும் அகொன்ரிங் போன்ற கருவிகளின் நினைவு, அடிமைக் கப்பல்களில் ஏறிக் கரீபியன் தீவுகளுக்குப் போனது. 1687இல் ஜமேக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன் அங்கே கண்ட கருவிகளைப் படமாகவே அச்சிட்டார். 1840களில் போல்டிமோர் நகரத்து மேளத் தயாரிப்பாளர் வில்லியம் பௌச்சர், மேளத்துக்குத் தோல் இழுக்கும் வளையத்தையும் கொக்கிகளையும் பேன்ஜோவுக்குப் போட்டார். அன்றிலிருந்து பேன்ஜோவின் உடல் ஒரு மேளமாகவே இருந்துவருகிறது. நம் கரைக் கப்ரிஞ்ஞாவிலும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் கால்தடம் இருக்கிறது. ஒரே கண்டத்து மக்களின் கைகளிலிருந்து இரண்டு பெருங்கடல்களுக்குப் பிரிந்து போன இசை அது.

விஷயத்துக்கு வருவோம். 1880இல் ஸ்பெயினிலிருந்து பிகாரோ மாணவர் குழு என்றொரு வாத்தியக் குழு நியூயோர்க்கில் வந்து இறங்கியது. அவர்கள் வாசித்தது பண்டூரியா. கேட்டவர்களுக்கு அது மெண்டலினாகவே பட்டது. அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பின் அமெரிக்கா எங்கும் மெண்டலின் மோகம் பரவியது. கல்லூரிகளில், தேவாலயச் சங்கங்களில், தொழிற்சாலைகளில் எல்லாம் மெண்டலின் குழுக்கள் முளைத்தன. மெண்டலினின் சுருதி வயலினின் சுருதியேதான். தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள தூரம். ஆகவே வயலின் தெரிந்தவர் மெண்டலினை எடுத்தால் இடக்கை விரல்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

குறை ஒன்றுதான். சத்தம் போதாது. வரவேற்பறையில் இனிமையாக ஒலித்த மெண்டலின், நூறு பேர் காலைத் தட்டி ஆடும் மண்டபத்தில் காணாமல் போயிற்று. அதே மண்டபத்தில் பேன்ஜோ மட்டும் கடைசி வரிசை வரை கேட்டது. அப்படியானால் மெண்டலின்காரர் பேன்ஜோவைக் கற்றுக்கொள்ளலாமே என்றால், அது அவ்வளவு இலகுவல்ல. பேன்ஜோவின் ஐந்தாவது தந்தி குட்டையானது. தண்டின் நடுவழியில் தொடங்கி, பெருவிரலுக்கென்றே தனியாக நிற்கும். சுருதி வேறு, வலக்கை வேலை வேறு. பத்து வருடம் ஒரு வழியில் ஓடிப் பழகிய விரல்களை மறுபடி அரிச்சுவடிக்கு அனுப்ப வேண்டும்.

கருவி செய்பவர்கள் அங்கேதான் குறுக்கே புகுந்தார்கள். கையை மாற்றச் சொல்லாமல் உடலை மாற்றினார்கள். பேன்ஜோவின் மேளத்தில் மெண்டலினின் தண்டைப் பூட்டி, இரண்டிரண்டாக எட்டுத் தந்தியையும் அதே சுருதியில் ஏற்றிவிட்டார்கள். 1882இல் புரூக்ளினைச் சேர்ந்த பெஞ்சமின் பிராட்பரி இதற்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் ஜோன் பாரிஸ் என்பவர் பேன்ஜோலின் என்ற பெயரைப் பதிவு செய்தார். மெண்டலின்காரர் காலையில் வாங்கி அன்று மாலையே மேடையில் வாசிக்கலாம். அவருடைய விரல்கள் வழக்கம்போல் ஓடும். மண்டபத்துக்கு மட்டும் பேன்ஜோ கேட்கும்.

இந்தத் தொடரில் இதுவரை வந்த கருவிகள் எல்லாவற்றிலும் மனிதன் கருவிக்காகத் தன் கையை வளைத்தான். ஷெனாயோ வயலினோ எதுவாயினும், அது கேட்கிற பயிற்சியைக் கொடுத்தாக வேண்டும். பேன்ஜோவின் கலப்புப் பிள்ளைகளில் அந்தக் கணக்கு தலைகீழானது. பழகிய கைதான் இங்கே முதல். மரத்தையும் தோலையும் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம், ஒரு கையின் பழக்கத்தை மாற்ற வருடங்கள் பிடிக்கும் என்பது அந்தப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாத்தியக்காரனின் உழைப்புக்கு அவர்கள் கொடுத்த மரியாதை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

தோல் ஏன் இத்தனை சத்தம் போடுகிறது? கிட்டாரின் பலகை கனமானது. தந்தியின் அதிர்வை மெல்ல வாங்கி மெல்ல விடும்; அதனால் நாதம் நீண்டு நிற்கும். தோலோ மிக இலேசு. வாங்கியதை அந்தக் கணமே வெளியே தள்ளிவிடும். சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் சட்டென்று செத்துப்போகும். மெண்டலின்காரருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. நாதம் நிற்காத கருவியில் வலக்கையை வேகமாக மேலும் கீழும் அசைத்து ஒரே ஸ்வரத்தை நடுங்கவிட்டு நிறுத்துவது அவர்களுக்கு முன்பே கைவந்த வித்தை. ஸ்வரத்தை இழுத்து வாசிக்க விரும்பியவர்களுக்குத்தான் அது முரடாகத் தெரிந்தது.

பேன்ஜோ மெண்டலின் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் பாதிச் சிக்கல் கண்ணுக்கே தெரியும். மரவளையம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கன்றுத்தோல், தோலை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையம், சுற்றிவர கொக்கிகளும் அவற்றை முறுக்கும் சுரைகளும். தந்திகளைத் தாங்கும் குதிரை தோலில் ஒட்டப்பட்டிருக்காது, சும்மா நிற்கும். எட்டுத் தந்தியும் கீழ்நோக்கி அழுத்துவதால்தான் அது விழாமல் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தோல் நடுவில் கொஞ்சம் குழியும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து இன்னும் குழியும், குதிரை தாழும், தந்திகள் மெட்டுகளில் உரசி இரையத் தொடங்கும். வெயில் ஏறினால் தோல் இறுகிக் குதிரை உயர்ந்து, சுருதி மேலே போய்விடும். ஒரு கச்சேரிக்குள்ளேயே இரண்டும் நடக்கும்.

ஐப்பசி தொட்டுத் தை வரை மழை கொட்டும் நம் கரைக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. றபான் அடிப்பவர்கள் தோலை நெருப்பு அனலில் காட்டிச் சூடேற்றி விட்டுத்தான் தொடங்குவார்கள். பேன்ஜோவை அப்படி அனலில் பிடிக்க முடியாது, மரமும் பசையும் விட்டுப்போகும். அதனால் ஒரு சிறிய சாவியைக் கொண்டு கொக்கிகளை ஒவ்வொன்றாக, எதிரெதிர்ப் பக்கமாக, சமமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் தோல் கிழியும். 1957இல் ரெமோ பெல்லி மேளங்களுக்குப் பிளாஸ்டிக் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பேன்ஜோக்காரர்களும் படிப்படியாக அதற்கு மாறி, இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டார்கள்.

மெண்டலினோடு இது நிற்கவில்லை. வழி தெரிந்துவிட்டதும் ஒவ்வொரு தந்தி வாத்தியக்காரனுக்கும் ஒரு பேன்ஜோ பிறந்தது. 1885இல் பிலடெல்பியாவின் எஸ். எஸ். ஸ்டூவர்ட் பேன்ஜோக் குழுக்களுக்கென்று குட்டைத் தண்டுள்ள பேன்ஜோரின் செய்தார். 1907ஐ ஒட்டி, வியோலா சுருதியான சி, ஜி, டி, ஏ வைத்த நான்கு தந்திப் பேன்ஜோக்கள் தோன்றின. டெனர் பேன்ஜோ என்று பின்னாளில் நிலைத்த பெயர் அதனுடையது. ஹவாயில் பிறந்த ஆல்வின் கீச், 1917–18 வாக்கில் உக்குலேலே வாசிப்பவர்களுக்காகச் சின்னஞ்சிறு பேன்ஜோ ஒன்றுக்குப் பெயர் பதிவு செய்தார். இங்கிலாந்தில் ஜோர்ஜ் போர்ம்பி அதை வைத்துக்கொண்டே 1930களின் சினிமாவில் பெரும் நட்சத்திரமானார். 1918இல் பேன்ஜோத் தொழிலில் இறங்கிய கிப்சன் கம்பனியிடம் சில ஆண்டுகளுக்குள் மெண்டலின்காரருக்கு ஒன்று, கிட்டார்காரருக்கு ஒன்று, உக்குலேலேக்காரருக்கு ஒன்று, மந்தர ஸ்தாயிக்கு செல்லோ பேன்ஜோ ஒன்று என்று ஒரு குடும்பமே இருந்தது.

இந்தக் கலப்புகளுக்குப் பொற்காலம் தந்தது ஜாஸ். கூடவே ஒலிப்பதிவும். 1925க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் மைக்ரோபோன் கிடையாது. பெரியதொரு புனலின் வாய்க்கு எதிரே நின்று வாசிக்க வேண்டும். அந்தக் காற்றின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். கிட்டாரின் மென்மையான ஓசை அந்தப் புனலுக்குள் போய்ச் சேரவே சேராது. பேன்ஜோவின் கூர்மையான வெட்டொலியோ நேராகப் போய் விழும். 1925 நவம்பரில் சிக்காகோவில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் ஹொட் பைவ் குழு முதன்முதலாகப் பதிவுக்கு வந்தபோது, நியூ ஓர்லியன்ஸ்காரர் ஜோனி செயின்ட் சிர் அதில் வாசித்தது ஆறு தந்திப் பேன்ஜோ. தண்டும் சுருதியும் கிட்டாருடையவை, உடல் பேன்ஜோவுடையது. அந்த இசைத்தட்டுகளைக் கேட்பவர் பேன்ஜோ என்றே நினைப்பார். கிட்டார் கைக்குத்தான் உள்ளே நடப்பது தெரியும்.

பிறகு மைக்ரோபோன் வந்தது, 1930களில் மின்கிட்டார் வந்தது. சத்தத்துக்காகப் பிறந்த பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பேன்ஜோ மெண்டலின்கள் பரண்களுக்குப் போயின. இரண்டும் கெட்டான் என்று அவற்றை ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது நியாயமான தீர்ப்பல்ல. டெனர் பேன்ஜோ அயர்லாந்தில் எடுத்த மறுபிறவியைப் பார்த்தாலே போதும். 1960களில் டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மக்கென்னா அதன் சுருதியை இறக்கி, வயலினின் ஜி, டி, ஏ, ஈயையே ஒரு ஸ்தாயி கீழே வைத்தார். பல தலைமுறைகளாகப் பிடில்காரர்கள் காத்துவந்த ஐரிஷ் நடன மெட்டுகள், விரல் மாறாமல் அப்படியே பேன்ஜோவுக்கு வந்து சேர்ந்தன. இன்று பேன்ஜோ இல்லாத ஐரிஷ் இசைக் கூடல் அரிது.

மேற்கிலிருந்து திரும்பி முஸ்லிம் உலகத்துக்கு வந்தால் கதை இன்னும் வளமாகிறது.

ஊத் என்ற அரபுக் கருவியை நான்காவது இதழில் விரிவாகப் பார்த்தோம். மெட்டுகள் இல்லாத தண்டு, பேரிக்காய் வடிவில் மரக்கீற்றுகளை ஒட்டிச் செய்த வயிறு. ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய சுருதிகளை விரல்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மகாம் இசையின் உயிர் அங்கே இருக்கிறது. ஆனால் ஊத் மிக மென்மையான கருவி. கலியாண வீட்டு முற்றத்தில் கிளாரினெட்டும் தர்புக்காவும் முழங்கும்போது அது எடுபடாது. செய்வதற்கும் நாளெடுக்கும், விலையும் கூட.

1881இல் பிறந்த ஸெய்னல் ஆபிதீன் என்ற துருக்கியர் இதற்கு இஸ்தான்புலில் ஒரு வழி கண்டார். 1930ஐ ஒட்டி அவர் செய்த கருவியில் வயிறு அலுமினியம். சோற்றுப் பானை ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். அதன் வாயில் பேன்ஜோவைப்போல் தோல், சுற்றிவரக் கொக்கிகள். அதிலே ஊத்தின் மெட்டில்லாத தண்டு, இரண்டிரண்டாகப் பன்னிரண்டு தந்தி. ஊத் வாசிக்கத் தெரிந்தவர் அதை மடியில் வைத்த கணமே வாசிக்கலாம், சத்தமோ முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கும். ஜும்புஷ் என்ற பெயரை அதற்கு வைத்தவர் முஸ்தபா கமால் அத்தாதுர்க் என்று சொல்லப்படுகிறது. துருக்கி மொழியில் களியாட்டம் என்று பொருள். 1934இல் துருக்கிக் குடிமக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஸெய்னல் ஆபிதீன் தன் கருவியின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். ஒருவர் தான் செய்த வாத்தியத்தின் பெயரால் தன் சந்ததியை அழைக்கச் செய்வது சாதாரண காரியமல்ல.

அவருடைய உண்மையான மேதைமை தண்டைப் பூட்டிய விதத்தில் இருக்கிறது. ஜும்புஷின் தண்டு உடலோடு ஒட்டப்படவில்லை, திருகாணியால் பூட்டப்பட்டது. ஆணியைத் தளர்த்தித் தண்டின் சாய்வைக் கூட்டிக் குறைக்கலாம், முழுவதுமாகக் கழற்றியும் விடலாம். அந்தப் பட்டறை வெவ்வேறு தண்டுகளைத் தனித்தனியாக விற்றது. ஸாஸ் வாசிப்பவர் ஸாஸின் தண்டைப் பூட்டிக்கொள்வார், தன்பூர்க்காரர் தன்பூரின் நீண்ட தண்டைப் பூட்டுவார், மெண்டலினுக்கும் கிட்டாருக்கும்கூட உண்டு. அமெரிக்காவில் கிப்சன் கம்பனி நாலைந்து கருவிகளாகச் செய்ததை அவர் ஒரே பானையில் செய்து முடித்தார். துருக்கியின் ரோமா வாத்தியக்காரர்கள் கலியாணங்களில் ஜும்புஷை இன்றுவரை விடவில்லை. அவருடைய பேரர்கள் காலத்திலும் இஸ்தான்புலில் அந்தக் குடும்பமே அதைச் செய்துவந்தது.

மக்ரிபுக் கரையில், அல்ஜியர்ஸின் ஷஆபி இசையில், மண்டோலுக்குப் பக்கத்தில் பேன்ஜோ உட்கார்ந்திருப்பதைக் காணலாம். மொறோக்கோவில் நடந்தது அதைவிட மனதைத் தொடுவது. 1970களின் தொடக்கத்தில் காசாபிளாங்காவில் எழுந்த நாஸ் அல் கிவான் குழுவில் அல்லால் யஅலா பேன்ஜோ வாசித்தார். அப்துர் ரஹ்மான் பாக்கோ கும்ப்ரி வாசித்தார். கும்ப்ரி என்பது சஹாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குனாவா மக்களின் கருவி: குடைந்த மரத்தில் ஒட்டகத்தோல் போர்த்தியது. பேன்ஜோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒருவன் அமெரிக்கா போய் இரும்புக் கொக்கிகளும் மெட்டுகளும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான், மற்றவன் பாலைவனத்தைத் தாண்டி நடந்தே வந்தவன். இருவரும் ஒரே மேடையில் அமர்ந்து, பென்திர் மேளத்தின் துணையோடு, அந்நாட்டு ஏழைகளின் பாடுகளைப் பாடிய பாட்டுக்கு வாசித்தார்கள்.

இனி நம் கடல்.

இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ பேன்ஜோ என்று சொன்னால் பலர் நினைப்பது மேளம் போன்ற உடலுள்ள கருவியை அல்ல. நீண்ட மரப்பெட்டி, அதன் மேல் கம்பிகள், கம்பிகளுக்கு மேலே தட்டச்சு யந்திரத்தில் உள்ளதுபோன்ற பொத்தான்கள். தமிழில் புல்புல் தாரா என்று வழங்குவது அதுதான். அதன் சொந்த ஊர் ஜப்பானின் நகோயா. மொரிதா கோரோ என்ற இசைக்கலைஞர் 1912இல், தைஷோ ஆட்சிக்காலம் தொடங்கிய அந்த ஆண்டில், இரண்டு தந்திக் கொத்தோவில் தட்டச்சு யந்திரத்தின் பொத்தான்களைப் பொருத்தினார். வலக்கையில் ஒரு சில்லைப் பிடித்துக் கம்பியை மீட்ட வேண்டும். இடக்கை பொத்தானை அழுத்தினால், அதன் அடியிலுள்ள உலோகத் தகடு கம்பியைச் சரியான இடத்தில் அழுத்தும். மெட்டை விரல் தேட வேண்டியதில்லை. பொத்தான் மேலேயே எண் எழுதியிருக்கும்.

உடலமைப்பைப் பார்த்தால் இதற்கும் பேன்ஜோவுக்கும் உறவில்லை. தோல் கிடையாது, மேளம் கிடையாது. ஆனாலும் இந்த அத்தியாயத்தில் அதற்கு இடம் உண்டு, ஏனென்றால் பிராட்பரியும் ஸெய்னல் ஆபிதீனும் செய்த அதே காரியத்தை அது இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. அவர்கள் ஒரு தந்திக் கருவியில் பழகிய கைக்கு இன்னொரு தந்திக் கருவியைக் கொடுத்தார்கள். மொரிதாவின் பெட்டி, தந்தியையே தொட்டறியாத கைக்குத் தந்தியைக் கொடுத்தது. ஹார்மோனியத்தில் கட்டை அமுக்கிப் பழகிய ஒருவர் அதன் முன் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ஒரு பாட்டின் மெட்டை எடுத்துவிடுவார். தெற்காசியாவின் ஊர்களில் ஹார்மோனியக் கைகளுக்கு என்ன பஞ்சம்? கூத்து மேடையிலும் பஜனை மடத்திலும் கவ்வாலி மஜ்லிஸிலும் அந்தக் கைகள் எப்போதும் இருந்தன. கவ்வாலிக் குழுக்களில் ஹார்மோனியத்தோடு புல்புல் தாரா ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

சரக்குக் கப்பல்களோடு அது இந்து சமுத்திரம் முழுக்கப் பரவியது. மாலைதீவில் கொட்டாபொஷி என்று பெயர் பெற்றது. கென்யக் கரையின் தாராப் பாட்டுகளில் ஜப்பானியப் பெயரோடேயே நுழைந்தது. மும்பாயில் அதற்கு மின்சாரம் பாய்ச்சி, விநாயகர் ஊர்வலங்களில் லொறிமேல் ஏற்றினார்கள். அந்தத் தெரு வாத்தியக்காரர்களின் வாழ்க்கையை வைத்து ரவி ஜாதவ் 2016இல் பேன்ஜோ என்ற பெயரில் ஒரு இந்திப் படமே எடுத்தார்.

எல்லோரையும்விட அதைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் பலூச்சிகள். கராச்சித் துறைமுகத்தில் இறங்கிய விளையாட்டுச் சாமான் போன்ற அந்தப் பெட்டியை அவர்கள் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு வளர்த்தெடுத்து, பெஞ்சு என்று அழைத்தார்கள். பொத்தான் கருவியில் நுண்சுருதி வராது என்பது இசை அறிந்தவர்களின் வழக்கமான குற்றச்சாட்டு. பலூச்சிக் கலைஞர்கள் அதற்கு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பொத்தானை அழுத்தும் அழுத்தத்தையும் மீட்டும் வேகத்தையும் மாற்றி மாற்றி, தங்கள் பாட்டின் குழைவை அந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்வரங்களுக்குக் கீழே இடைவிடாமல் ஒலிக்கும் சுருதிக் கம்பிகள் அந்த வாசிப்புக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்தன. பெஞ்சுவை முதலில் பெரிய கலைஞரின் கருவியாக்கிய பெருமை குல் முஹம்மதுவுக்குச் சேர்கிறது. பிறகு பிலாவல் பெல்ஜியம் என்று அறியப்பட்டவர் வந்தார். ஸுரிஸெஹி குடும்பத்தின் அப்துர் ரஹ்மான் அதை நோர்வே வரை கொண்டுபோனார்.

அந்த வரிசையில் இன்று உலகம் கேட்டுக்கொண்டிருப்பவர் நூர் பக்ஷ். மக்ரான் கரையில் பஸ்னிக்குப் பக்கத்தில் வாழ்பவர், எழுபது வயதைத் தாண்டியவர். பஸ்னி மீன்பிடித் துறைமுகம். அந்தக் கரையிலும் வலையும் தோணியுமாக வாழ்பவர்கள் பலர். தன் பெஞ்சுவில் மின் ஒலிவாங்கி பூட்டி, பழைய சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாகன பற்றரியில் ஓட்டி, பற்றரியைச் சூரியத் தகட்டால் ஏற்றிக்கொண்டு வாசித்துவந்தார். 2022இல் ஜிங்குல் என்ற அவருடைய இசைத்தொகுப்பு வெளிவந்தது. பறவையின் பெயர் அது. பறவைகளிடமிருந்து மெட்டெடுப்பவர் அவர். அடுத்த ஆண்டே ஐரோப்பிய மேடைகளில் இருந்தார்.

கிழக்கிலங்கைக்கு இவற்றில் ஏதாவது வந்து வேர்விட்டிருக்கக் கூடிய இடம் எது என்று தேடினால், கண் முதலில் போவது பறங்கியரின் பட்டறைகளுக்குத்தான். அக்கரைப்பற்றில் 1969 முதல் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 1982இல் மட்டக்களப்புப் பறங்கியரைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அவர்களை மெக்கானிக்குகள் என்று குறித்தார். தச்சு, கொல்லு, யந்திரத் திருத்தல் அவர்களுடைய தொழில்கள். கலியாண வீட்டில் வயலினும் கிட்டாரும் வாசிப்பதும் அதே ஆட்கள். மரம் அறுக்கவும் இரும்பு வளைக்கவும் தெரிந்த கையே தந்தி மீட்டவும் தெரிந்த கையாக இருப்பது, பௌச்சரின் போல்டிமோரிலும் ஸெய்னல் ஆபிதீனின் இஸ்தான்புலிலும் கலப்புக் கருவிகள் பிறந்த அதே சூழல். கென்னத் டேவிட் ஜாக்சன் முதலானோர் தொகுத்து 1998இல் போர்த்துக்கலில் வெளியான இலங்கைக் கப்ரிஞ்ஞா இசைத்தட்டைக் கேட்பவர்கள் பாட்டோடு கருவிகளுக்கும் காது கொடுக்க வேண்டும். இந்தக் கரையில் பழைய வீடுகளின் பரண்களில் எட்டுத் தந்தியும் வட்டத் தோலுமாக ஏதாவது கிடந்தால், அதை விறகுக்கு விடாமல் மட்டக்களப்பிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகங்களில் ஒருவருக்குக் காட்டுவது நல்லது. தோல் கிழிந்திருந்தாலும் பாதகமில்லை. தண்டில் மெட்டுகள் இருக்கும் இடைவெளியை அளந்தாலே அது எந்தக் கைக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்த இதழில் ஹார்மோனியம்: பாரிஸில் பிறந்து, கல்கத்தாவில் தரையில் உட்கார்ந்து, 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் முப்பது வருடத்துக்கு மேல் தடைசெய்யப்பட்டிருந்த பெட்டியின் கதை.

(தொடரும்)